சீருடைக் குடும்பங்கள் – 9: எந்த மாநிலத்துப் பிள்ளை?

சேனையில் சேவகம் புரியும் அமெரிக்கக் குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு பெற்று, மூட்டை முடிச்சுகளோடு கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பிரயாணப்படுவதையும், அதனால் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு படும் பாட்டையும் சென்ற வாரம் கண்டோம். அந்தப் பிள்ளைகள் பதினெட்டு வயதை எட்டிக் கல்லூரி வாசலில் வந்து நிற்கும்போது அவர்களிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, ‘உன் மாநிலம் எது?’ என்பதுதான். ஜார்ஜியாவில் பிறந்து, ஹவாயில் எழுத்துக் கற்று, விர்ஜீனியாவின் நார்ஃபோக் கடற்படைத் தளத்தருகே உயர்நிலைப் பள்ளியை முடித்த ஒரு பெண் இதற்கு என்ன விடை சொல்வாள்?

விடையில் அடங்கியிருப்பது வெறும் விலாசம் அன்று, கணிசமான திரவியம். அமெரிக்காவின் அரசுச் சர்வகலாசாலைகள் அந்தந்த மாநிலத்தாரின் வரிப்பணத்தில் வளர்ந்தவையாதலால், மாநிலத்தில் நிரந்தர வாசம் செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணமும், எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்கு வேறொரு கட்டணமும் விதிப்பது அங்கே நெடுநாளைய சம்பிரதாயம். 2024-25 கல்வியாண்டில் நான்காண்டுப் படிப்பு அளிக்கும் அரசுக் கல்லூரிகளில் உள்ளூராருக்குச் சராசரிக் கட்டணம் 11,610 டாலர். வெளி மாநிலத்தாருக்கோ 30,780 டாலர். கலிபோர்னியா சர்வகலாசாலை அதே ஆண்டில் வெளியார்மீது வழக்கமான கட்டணத்துக்கு மேலாகச் சுமத்திய உபரித் தொகை மட்டும் 34,200 டாலர்.

நிரந்தர வாசம் என்பதைச் சட்டம் இரண்டு அம்சங்களால் அளக்கிறது: உடல் அங்கே இருக்க வேண்டும், அங்கேயே இருந்துவிடும் சங்கல்பம் மனத்தில் இருக்க வேண்டும். பல மாநிலங்கள் இவற்றோடு ஓராண்டு வாசத்தையும் கேட்கின்றன. ஏனைய பிரஜைகளுக்கு எளிதாய்ப் பொருந்தும் இவ்வளவுகோல், உத்தரவின் பேரில் ஓரிடத்துக்கு வந்து உத்தரவின் பேரிலேயே அதைவிட்டுப் போகிற படைவீரனிடத்தில் அர்த்தமற்றுப் போகிறது. போதாக்குறைக்கு, அவனுக்கு உபகாரமாக இயற்றிய வேறொரு சட்டமே இங்கே குறுக்கே நின்றது. கடமையின் பொருட்டு ஒரு மாநிலத்தில் தங்க நேர்ந்தவன் அந்தக் காரணத்தால் மட்டும் தன் சொந்த மாநிலத்தை இழக்கமாட்டான், அவனுடைய ராணுவச் சம்பளத்துக்குத் தங்கிய மாநிலம் வரி கேட்கலாகாது என்பது இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே ஏற்பட்டு, 2003-ல் புதுப்பிக்கப்பட்ட விதி. டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் வருமான வரியே கிடையாதாகையால், அவற்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொண்டு வேறெங்கோ சேவகம் செய்யும் வீரர்கள் பலர். ‘எங்களுக்கு வரி செலுத்தாதவரின் பிள்ளைக்கு எங்கள் வரிப்பணத்தில் ஏன் சலுகை?’ என்று மாநிலத்தார் கேட்டால், அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வீரன் காவல் புரிவது எந்த ஒரு மாநிலத்தையும் அன்று, தேசம் முழுவதையும் அல்லவா என்ற மறுகேள்வியே எனக்கு வலுவுடையதாகத் தோன்றுகிறது.

மாநிலங்களின் பிடிவாதத்துக்கு நீதிமன்றம் ஒரு வரம்பு கட்டியது 1973-ல். கலிபோர்னியாவில் வசித்த ஒரு மாணவி கனெக்டிகட் சர்வகலாசாலையில் இடம் பெற்றபின், கனெக்டிகட்டிலேயே பிறந்து வளர்ந்தவரை மணந்து, அங்கே குடிபுகுந்து, வாக்காளர் பட்டியலிலும் இடம்பெற்றாள். எனினும் மனுச் செய்த நாளில் அவள் விலாசம் வெளியில் இருந்தது என்பதற்காக, படிப்பு முடியும் மட்டும் வெளியாளாகவே கருதப்படுவாள் என்றது அம்மாநிலச் சட்டம். மறுக்கவே இடந்தராத அத்தகைய அனுமானம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் ‘விளாண்டிஸ் எதிர் கிளைன்’ வழக்கில் தீர்ப்பளித்தது. அவள் படைவீரனின் மனைவி அல்லள். நியாயமான வாச நிபந்தனைகளை மாநிலங்கள் விதிப்பதையும் அத்தீர்ப்பு தடுக்கவில்லை. ஆகவே சேனைக் குடும்பங்களின் சங்கடம் தீராமலே இருந்தது. சில மாநிலங்கள் தாமாகவே தயை காட்டின; சில காட்டவில்லை.

பரிகாரம் 2008 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையொப்பமிட்ட உயர் கல்வி வாய்ப்புச் சட்டத்தின் ஒரு சிறு ஷரத்தாக வந்தது. மாநிலக் கல்லூரியின் கட்டணத்தை நேரே நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு இல்லை. எனவே, உயர் கல்விக்காக மத்திய உதவி பெறும் மாநிலம் இந்த நிபந்தனைக்கு உட்பட வேண்டும் என்று சாமர்த்தியமாக வழி செய்தார்கள். உதவியை வேண்டாமென்று சொல்ல எந்த மாநிலத்துக்கு மனம் வரும்? முப்பது நாளுக்கு மேற்பட்ட முழுநேரச் சேவகத்தில் இருப்பவர், அவருடைய மனைவி அல்லது கணவர், அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரிடம், அவரது சொந்த மாநிலத்திலும் சரி, நிரந்தரப் பணியிடம் அமைந்த மாநிலத்திலும் சரி, உள்ளூராருக்கு உரியதைவிட அதிகக் கட்டணம் வாங்கலாகாது; 2009 ஜூலை முதல் தேதிக்குப் பின் தொடங்கும் பருவங்களுக்கு இது அமலாகும் என்பது அதன் சாரம். ஓராண்டு காத்திருக்கும் நிர்ப்பந்தம் இவர்களுக்கு இல்லாமற் போயிற்று.

படிப்பின் நடுவே தகப்பனுக்கு மாற்றல் வந்தால் என்செய்வது என்பதையும் சட்டம் மறக்கவில்லை. உள்ளூர்க் கட்டணம் செலுத்திச் சேர்ந்துவிட்ட பிள்ளை, அந்தக் கல்லூரியில் இடைவிடாது படித்துவரும் வரையில், குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டாலும் சலுகையை இழப்பதில்லை. குறையும் அந்த வாசகத்திலேயே இருக்கிறது. வசந்தத்தில் இடம் கிடைத்து, இலையுதிர் பருவத்தில் வகுப்பு தொடங்குமுன், கோடையில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், சேராத பிள்ளைக்கு இந்த ஷரத்து காப்பாக நிற்பதில்லை. மாற்றல்கள் மிகுதியும் பள்ளி விடுமுறையை ஒட்டிய கோடையிலேயே நடப்பதால் இதை அபூர்வமான சங்கடமென்று ஒதுக்க இயலாது. சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டுச் சர்வகலாசாலைக்கு மாற எண்ணுகிற சிக்கனக்காரப் பிள்ளையின் கதியும் அதுவே. சட்டம் காப்பது சேர்ந்த கல்லூரியில் தொடர்கிற படிப்பை. இடம் அளித்து உறுதி செய்த நாளிலிருந்தே சலுகை நிலைக்கும் என்று சில மாநிலங்கள் தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டன. ஏனையவையும் அப்படிச் செய்ய என்ன தடை என்பது எனக்கு விளங்கவில்லை. இதனால் எந்த மாநிலப் பொக்கிஷமும் காலியாகிவிடாது.

சேவகத்திலிருந்து விடுபட்டவர்களுக்கு 2014-ல் வேறொரு சட்டம் பிறந்தது. படைவீரர் கல்வி உதவியைக் கொண்டு படிக்கும் முன்னாள் வீரர்களுக்கும், அவ்வுதவி மாற்றித் தரப்பெற்ற மனைவி மக்களுக்கும், தாங்கள் வாழும் மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணமே என்றது அது. விடுபட்ட மூன்றாண்டுக்குள் சேர வேண்டும் என்ற வரையறையை 2021-ல் இயற்றிய சட்டம் நீக்கியது. தகப்பன் தன் உதவியைப் பிள்ளைக்கு மாற்றித் தர விரும்பினால், ஆறாண்டு சேவகம் முடித்து மேலும் நான்காண்டுக்கு உடன்பட்டு, சீருடையில் இருக்கும்போதே மனுச் செய்தாக வேண்டும். ஓய்வு பெற்றபின் இந்த விதியை அறிந்து கைபிசைந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.