புலிக்கு க்ளிக்... மனுஷனுக்கு டெலீட்!

செஞ்சிக்கோட்டைக்கு டூர் போன கையோட, தளவானூர்ல மகேந்திரவர்ம பல்லவனோட குடைவரைக் கோயிலையும் பார்த்திருப்பீங்க. பாறை, முள்புதர், சுள்ளுனு வெயில்... பகல்ல அவ்வளவுதான் தெரியும். சாயங்காலம் நாம பஸ் ஏறினதும் அந்தப் புதருக்குள்ள யார் நடமாடுறாங்க?

தெரிஞ்சுக்க ராத்திரி முழுக்க முழிச்சிருக்க வேணாம் பாஸ்! தானியங்கி கேமராவை மரத்துல முழங்கால் உயரத்துல கட்டிட்டு வந்தா போதும். உடல்சூட்டோட ஏதாவது நகர்ந்தா சென்சார் உணர்ந்துடும்... க்ளிக்! 1920-களிலேயே எஃப்.டபிள்யூ.சாம்பியன் என்ற வன அதிகாரி, பாதையில் கம்பி கட்டி, புலியையே அதை மிதிக்க வெச்சு படம் எடுத்தவர். 1990-களில் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த், வரிகளை வைத்தே புலிகளைக் கணக்கிட்டார். நம்ம கைரேகை மாதிரி, ஒரு புலியோட வரி இன்னொண்ணுக்கு இருக்காது. இடப்பக்க வரி வேற, வலப்பக்க வரி வேற. அதான் பாதையோட ரெண்டு பக்கமும் எதிரெதிரா ரெண்டு கேமரா!

2018-19 புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வெச்சாங்க. கிடைச்ச படங்கள் 3.48 கோடி, கின்னஸ் சாதனை! அதுல புலி இருந்தது வெறும் 76,651 படங்களில்தான்.

இவ்வளவையும் யார் உட்கார்ந்து பார்க்கிறது? ஆப்பிரிக்காவின் செரெங்கேட்டியில் இதே தலைவலி. 225 கேமராக்கள் எடுத்த படங்களை இணையத்தில் பொதுமக்கள்கிட்டயே கொடுத்துட்டாங்க. 28,000-க்கும் அதிகமான தன்னார்வலர்கள், ‘இது வரிக்குதிரை, இது கழுதைப்புலி’னு பிரிச்சுக் கொடுத்தாங்க. ஒரே படத்தைப் பலர் பார்த்து, பெரும்பான்மை முடிவை எடுத்துக்கிட்டதால, விலங்கை அடையாளம் சொன்னதில் சுமார் 97 சதவிகிதம் கரெக்ட். இது மாதிரி வேலையை ‘ஜூனிவர்ஸ்’ தளத்தில் இன்னைக்கும் ஹாஸ்டல் ரூமில் இருந்தே செய்யலாம்.

ஆனா, கேமராவுக்குப் புலியும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான். கார்பெட் புலிகள் காப்பகத்தை ஒட்டிய கிராமங்கள் பற்றி 2024-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வைக் கேளுங்க. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள்ள போற பெண்கள், விலங்குகள் விலகிப் போகட்டும்னு பாட்டுப் பாடிக்கிட்டே, சத்தமா பேசிக்கிட்டே போவாங்க. கேமரா வந்ததும் கூச்சப்பட்டு அடக்கி வாசிக்கிறாங்க. ஆபத்து யாருக்கு? ஒரு பெண் ஒதுங்கின படம் வாட்ஸ்அப்பில் பரவிய கொடுமையும் அங்கே நடந்திருக்கு.

அதனால, உங்க காலேஜ் நேச்சர் கிளப் செஞ்சிப் பக்கம் கேமராவோட கிளம்பறதுக்கு முன்னாடி...

* காப்புக்காடுன்னா வனத்துறை அனுமதி கட்டாயம். குடைவரை மாதிரி நினைவுச் சின்னம்னா தொல்லியல் துறையையும் கேளுங்க.

* ஊர்க்காரங்ககிட்ட சொல்லிட்டு, அவங்க புழங்குற பாதையை விட்டுட்டு கட்டுங்க.

* மனுஷங்க படம் வந்தா யாருக்கும் காட்டாம அழிச்சிடுங்க.

* அரிய விலங்கு சிக்கினா, இடத்தோட பேரை ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. வேட்டைக்காரனும் அதைப் பார்ப்பான்!

படம் எடுக்கிறது கேமராவோட வேலை. எதைக் காட்டணும், எதைக் காட்டக் கூடாதுன்னு முடிவு பண்றது உங்க வேலை. ரெடியா?