விளையாட்டுப் பெட்டியில் வீட்டு சினிமா!

அந்தக் காலத்தில் ஒரே சினிமாப் படத்தை இரண்டு கொட்டகைகளில் ஓட்டுவார்கள். படப்பெட்டி ஒன்றுதான் இருக்கும். முதல் கொட்டகையில் ஒரு சுருள் ஓடி முடிந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் பறப்பார். அவர் வந்து சேரத் தாமதமானால், அடுத்த கொட்டகையில் விசில் காதைப் பிளக்கும்!

இன்று அந்தச் சைக்கிள்காரரின் வேலையை வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டி செய்கிறது. முன்னறையில் இருக்கும் படத்தை உள்ளறையில் காட்டுகிறது. அது சினிமாவுக்காகச் செய்த பெட்டி அல்ல. பிள்ளைகள் விளையாடுவதற்காகச் செய்த பெட்டி!

"வீடியோ கேம்" என்றால் பெற்றோருக்குக் கோபம் வரும். பையன் படிப்பைக் கெடுக்க வந்த சனியன் என்பார்கள். கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால், அதே பெட்டி பாட்டிக்கும் வேலை செய்யும் என்பது பல வீடுகளில் தெரியாது.

குட்டி ஜப்பானில் ஜப்பான் பெட்டி

விருதுநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் சிவகாசி. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று ஊரே உழைப்பதால் "குட்டி ஜப்பான்" என்று பெயர் பெற்றது. அசல் ஜப்பானின் சோனி கம்பெனி செய்த "பிளே ஸ்டேஷன் 3" என்ற விளையாட்டுப் பெட்டி, 2007-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை சுமார் 40 ஆயிரம் ரூபாய். அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி செய்த "எக்ஸ்பாக்ஸ் 360" அதற்கு முந்திய ஆண்டே வந்துவிட்டது.

புதிய பெட்டிகள் வந்ததும் பழையவை பரணுக்குப் போயின. பழையதை விலை பேசி வாங்கியவர்களும் உண்டு. பரணில் தூங்கும் அந்தப் பெட்டியைத்தான் எழுப்ப வேண்டும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளைச் சில வாரங்கள் மூடிவைப்பது இந்த வட்டாரத்தின் வழக்கம். ஓடி ஓடி உழைத்த ஜனங்கள் வீட்டில் இருக்கும் காலம் அது. ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. ஆகவே வீட்டுக்கு வந்த பிறகுதான் படமும் பாட்டும்.

"ராசா, உங்க அம்மா கல்யாணப் படத்தைப் போடேன்" என்று பாட்டி கேட்கிறாள்.

"கேசட் இருக்கு பாட்டி. போடுறதுக்கு மெஷின் இல்லையே" என்கிறான் பேரன்.

பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது.

மெஷின் எங்கே போனது?

1980-களில் வசதியுள்ளவர்கள் கல்யாணத்தை வீடியோ எடுத்தார்கள். பிறகு எல்லோரும் எடுத்தார்கள். வாடகைக்கு "டெக்" கொண்டுவந்து, தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது.

அந்த மெஷினைச் செய்துவந்த கடைசிக் கம்பெனி ஜப்பானின் புனாய். அதுவும் 2016-ம் ஆண்டு ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை பழைய மெஷின்கள்தான்.

கேசட்டும் சாகாவரம் பெற்றதல்ல. உள்ளே இருப்பது காந்தத்தூள் பூசிய பிளாஸ்டிக் நாடா. சூட்டில் கெடும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தாலி கட்டும் காட்சியில் பனி பெய்வதுபோல் புள்ளிகள் விழும். விருதுநகர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

ஆகவே முதல் வேலை, கேசட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னறை மேஜையில் இருக்கும். பாட்டியின் டெலிவிஷன் உள்ளறையில் இருக்கும். நடுவில் பாலம் வேண்டும். அதுதான் விளையாட்டுப் பெட்டி.

பந்தியும் பரிமாறுதலும்

இது எப்படி நடக்கிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பரிமாறுகிறவர். விளையாட்டுப் பெட்டி இலையில் உட்கார்ந்திருப்பவர். "என்ன இருக்கிறது?" என்று பெட்டி கேட்கிறது. "இந்தப் படம், இந்தப் பாட்டு, இந்தப் போட்டோ" என்று கம்ப்யூட்டர் பட்டியல் நீட்டுகிறது. பெட்டி ஒன்றைக் கேட்கிறது. கம்ப்யூட்டர் அண்டாவையே தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. கரண்டி கரண்டியாகப் பரிமாறுகிறது. அதை அவ்வப்போதே பெட்டி டெலிவிஷனில் காட்டிவிடுகிறது. படம் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கும்.

பல கம்பெனிச் சாமான்களும் ஒன்றோடொன்று பேச வேண்டுமே! அதற்குச் சோனி, இன்டெல் முதலிய கம்பெனிகள் கூடி 2003-ல் ஒரு சங்கம் வைத்துப் பொது விதிகளை வகுத்தன. "டி.எல்.என்.ஏ." என்பது அதன் பெயர். 2007 மே மாதம் முதல் பிளே ஸ்டேஷன் 3 அந்தப் பாஷையைப் பேசத் தொடங்கியது.

முக்கியமான சங்கதி: இப்படிப் படம் பார்க்க இன்டர்நெட் கட்டணம் கிடையாது! படம் வீட்டுக்குள்ளேயே போய் வருகிறது. "ரூட்டர்" என்ற சிறு கருவி மட்டும் வேண்டும். ஒயர் இழுத்தால் மிகவும் நல்லது. சாதாரண ஒயரே நொடிக்கு 100 மெகாபிட் கொண்டுபோகும். டி.வி.டி. தரத்துப் படத்துக்கு அதிகம் போனால் 10 போதும். கம்பியில்லாமலும் அனுப்பலாம். ஆனால் பழைய வீட்டுத் தடித்த சுவர் குறுக்கே நின்றால், படம் திக்கித் திக்கி வரும்.

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் தேவையில்லை. தமிழக அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்துவந்தது. மூலையில் கிடக்கும் அந்த மடிக்கணினி நல்ல நிலையில் இருந்தால், அதுவே பரிமாறும். அதற்கான புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய குண்டு டெலிவிஷனும் போதும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று துளைகள் இருந்தால், பிளே ஸ்டேஷன் 3-ஐ அதில் செருகலாம்.

கயிறு யார் கையில்?

இங்கேதான் ஒரு சிக்கல்.

2013-ல் பிளே ஸ்டேஷன் 4 வந்தது. பழையதைவிட வேகம், பழையதைவிட அழகு. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து படம் வாங்கிக் காட்டும் வசதியைக் காணோம்! வாங்கியவர்கள் திகைத்தார்கள், கூச்சல் போட்டார்கள். 2015 ஜூனில்தான் அந்த வசதியைக் கொடுத்தார்கள். 2020-ல் பிளே ஸ்டேஷன் 5 வந்தபோது மறுபடியும் காணோம். விதிகளை வகுத்த சங்கமே 2017-ல் கலைந்துவிட்டது.

காசு கொடுத்து வாங்கியவர் வீட்டுக்காரர். வசதி இருப்பதும் போவதும் கம்பெனியின் கையில். இது என்ன நியாயம்?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டி 2001-ல் அமெரிக்காவில் வந்தது. அதை எல்லாப் படமும் காட்டும் பெட்டியாக மாற்ற, கம்ப்யூட்டர் தெரிந்த சிலர் 2002-ல் சம்பளமில்லாமல் உட்கார்ந்தார்கள். கம்பெனி கேட்கவில்லை, அனுமதியும் தரவில்லை. அவர்கள் எழுதிய புரோகிராம் வளர்ந்து, 2014-ல் "கோடி" என்று பெயர் மாறியது. அந்த எக்ஸ்பாக்ஸ் பெட்டி எப்போதோ கடையைவிட்டுப் போய்விட்டது. கோடியோ இன்று கைபேசியிலும் சிறு பெட்டிகளிலும் ஓடுகிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

பூத்துணி வேண்டாம்

நம் வீடுகளில் டெலிவிஷனுக்குப் பூத்துணி போர்த்தும் வழக்கம் உண்டு. விளையாட்டுப் பெட்டிக்குப் போர்த்தினால் ஆபத்து. அது சூடாகும். காற்றுப் போக வழி வேண்டும். பீரோவுக்குள் பூட்டி ஓடவிடவும் கூடாது. எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் ஏராளமாகப் பழுதானதால், 2007-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் செலவை ஏற்க வேண்டி வந்தது!

மின்சாரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆரம்பகால பிளே ஸ்டேஷன் 3 படம் காட்டும்போது 150 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு மின்விசிறி ஓடுவதற்குச் சமம். 3 மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட். பின்னால் வந்த மெலிந்த பெட்டிகள் குறைவாகவே இழுக்கும். படம் முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது.

கேசட்டை மாற்றித் தர, பழைய மெஷினை இன்னும் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரரைத் தேட வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய சாதாரணப் படக்கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். அதை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைப்பது அவசியம். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும். இந்த வேலையில் குறுக்கு வழி கிடையாது. 3 மணி நேரக் கேசட்டை மாற்ற 3 மணி நேரம் அது ஓடியே ஆக வேண்டும். நிச்சயதார்த்தம், கல்யாணம், வளைகாப்பு என்று நான்கு கேசட் இருந்தால் 12 மணி நேரம். ஆலை மூடியிருக்கும் வாரங்களில் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த பங்குனிப் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வரும்போது பாட்டியின் அறையில் படம் ஓடும்.