வரிச்சுருள் வால்வும் காரின் பிரேக்கும்

வரிச்சுருளினூடாக மின்னோட்டம் பாயும்போது அது மின்காந்தமாகிறது என்பதை மின்மணிப் பாடத்தில் கற்றிருப்பீர்கள். இன்று எமது வீதிகளில் ஓடும் டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக் பிடிப்பதற்கும் அதே வரிச்சுருள்தான் உதவுகிறது.

சாதாரண பெற்றோல் காரில் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம் பிரேக் மிதிக்குத் துணை செய்யும். ஹைபிரிட் காரில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும். ஆகவே மின்மோட்டரால் இயங்கும் பம்பி ஒன்று பிரேக் ஒயிலை அமுக்கி, நைதரசன் வாயு அடைக்கப்பட்ட சேமிப்பியில் வைத்திருக்கும். இவ்வமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கிலும் அதிகம். மிதியை அழுத்தியதும் கணினி வரிச்சுருள் வால்வுகளை இயக்க, அமுக்கம் ஒயிலினூடாகச் சில்லுகளுக்குச் செல்லும்.

வால்வின் பழுது மின்சார்ந்ததாக இருக்கலாம். சுருள் அறுந்தால் மின்னோட்டம் பூச்சியம். சுற்றுகள் குறுக்கே இணைந்தால் தடை குறைந்து மின்னோட்டம் கூடும். வாவிக்கரை உப்புக்காற்றில் செப்பு இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பூப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனால் தடை கூடும். சுருளின் தடை 4 ஓம், வழங்கல் 12 வோல்ற்று எனக் கொள்க. மின்னோட்டம் 3 அம்பியர். களிம்பு தொடராக 2 ஓம் சேர்த்தால் அது 2 அம்பியராகும். வில்லை எதிர்த்து வால்வை இழுக்கும் விசை குறைந்துவிடும்.

மற்றது பொறிமுறைப் பழுது. இதில்தான் பலர் ஏமாறுவர். (கலைப் பட்டதாரியான நான் இதைக் கற்றது கராஜ் வாசலில்.) சுருள் நன்றாக இருக்கும், 'கிளிக்' என்ற ஒலியும் கேட்கும். ஆனால் வால்வு மூடும் இடத்தில் தூசு சிக்கினால் ஒயில் கசிந்து தாங்கிக்கே திரும்பும். வெளியே ஒரு துளியும் தெரியாது. தடையை அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பம்பியைக் கவனிக்க வேண்டும். மிதியைத் தொடாதபோதும் அது சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஓடினால் உள்ளே அமுக்கம் இழக்கப்படுகிறது.

அப்போதும் வால்வுதான் குற்றவாளி என்று முடிவு செய்யலாகாது. பிரியஸின் கணினி காட்டும் 'சி1391' என்ற குறியீடு சேமிப்பி அமுக்கம் அசாதாரணமாகக் கசிவதையே குறிக்கும். எந்த உறுப்பில் என்று சொல்லாது. 2013 இல் டொயோட்டா பிரியஸ் உட்பட ஏறத்தாழ 242,000 ஹைபிரிட் கார்களைத் திருத்தத்துக்கு அழைத்தபோது சந்தேகிக்கப்பட்டது வால்வு அன்று. சேமிப்பியில் வெடிப்பு ஏற்பட்டு நைதரசன் கசியக்கூடும் என்பதே. பொதுவாக வால்வைத் தனியே மாற்றுவதில்லை, முழு அலகையும் மாற்றுவர், செலவு பெரிது. ஆகவே ஒயில் மட்டம், பற்றரி வோல்ற்றளவு, இணைப்பிகள் ஆகியவற்றை முதலில் பார்ப்பதே முறை.

கவனிக்க: கார் நின்றாலும் சேமிப்பியில் அமுக்கம் இருக்கும். பிரியஸில் ஓட்டுநர் கதவைத் திறந்தாலே பம்பி இயங்கக்கூடும். அமுக்கத்தை விடுவிக்காமல் குழாயைக் கழற்றினால் ஒயில் கண்ணில் பீறிட்டடிக்கும்.

பயிற்சி: மேற்படி சுற்றில் களிம்பு 4 ஓம் ஆனால் மின்னோட்டம் யாது? (விடை: 1.5 அம்பியர்)