முதுமையும் மிதிவண்டிப் பந்தயத் திறனும்

அகவை கூடும்போது தொழில்முறை மிதிவண்டிப் பந்தய வீரர்களின் உடற்திறனும் வண்டியைக் கையாளும் திறனும் மாற்றமடைகின்றன. ஆயினும் இவை இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை.

உடலியல் மாற்றங்கள்

ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிசனின் உச்ச அளவு, முப்பது அகவைக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. கடும் பயிற்சியைத் தொடர்வோரிடம் இக்குறைவு மெதுவாக நிகழும். இதயத்துடிப்பின் உச்ச வீதம் குறைவதைப் பயிற்சியால் தடுக்க இயலாது. விரைந்து சுருங்கும் தசைநார்கள் முதலில் மெலிவதால், நெடுந்தொலைவு தாங்கும் ஆற்றலை விட விரைவோட்ட ஆற்றல் முன்னதாகக் குறைகிறது.

வண்டியைக் கையாளல்

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். எனவே தடை பிடிப்பதில் 0.1 நொடி தாமதம் என்பது ஏறத்தாழ ஒரு மிதிவண்டியின் நீளமாகும். மூத்த வீரர்கள் கூட்டத்தின் நகர்வை முன்கூட்டியே உணர்ந்து இதனை ஈடுசெய்கின்றனர். மிதிவண்டி ஓட்டுதல் எலும்பின் மீது உடல் எடையைச் சுமத்தாததால் இவ்வீரர்களுக்கு எலும்படர்த்தி குறைவாக இருக்கக்கூடும். அகவை கூடக்கூட வீழ்ச்சியின்போது எலும்பு முறியும் இடர் மிகுகிறது. எடை தூக்கும் பயிற்சி இதற்கு உதவும்.

எடுத்துக்காட்டுகள்

* பெல்சியத்தின் பிர்மின் லாம்போ 1922 இல் தமது 36 ஆம் அகவையில் டூர் டி பிரான்சுப் பந்தயத்தை வென்றார்.
* பிரித்தானியாவின் மார்க் கேவண்டிசு 2023 டூர் டி பிரான்சில் விழுந்து காறை எலும்பு முறிந்து விலகினார். 2024 இல், 39 ஆம் அகவையில், தமது 35 ஆவது கட்ட வெற்றியைப் பெற்று எடி மெர்க்சின் சாதனையை முறியடித்தார்.
* பிரான்சின் இராபர்ட் மார்ச்சாண்ட் 2017 இல், 105 ஆம் அகவையில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டினார்.