ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் குடியேறும் வெளிநாட்டினர் தமக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, துணி துவைக்க முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், குப்பை போடவும் காசு கொடுக்க வேண்டும் என்பவை அவற்றுள் முதன்மையானவை. இரவு பகலாகத் திறந்திருக்கும் கடைகளுக்குப் பழகிய அமெரிக்கர்களும், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாகச் சென்று இன்று சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 பேராகப் பெருகியுள்ள தமிழர்களும், படிப்புக்காக ஜெர்மனிக்குச் செல்லும் இந்திய இளைஞர்களும் இவற்றையே சொல்கின்றனர்.

திருநெல்வேலிப் பேட்டையில் ஞாயிறு என்பது கறிக்கடைகளில் விடியற்காலையிலேயே கூட்டம் சேரும் நாள். கோயில் கொடை நடந்தால் மைக் செட்டு தெருவெல்லாம் கேட்கும். ஜெர்மனியில் அதே நாளில் ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் நிலையங்கள், சில மணி நேரம் மட்டும் திறக்கும் ரொட்டிக் கடைகள் போன்ற சில விலக்குகளைத் தவிர மற்றவை அடைத்தே கிடக்கின்றன. 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசியல் சட்டம் ஞாயிற்றை ஓய்வு நாளாகப் பாதுகாத்தது. 1949-இல் இயற்றப்பட்ட இன்றைய அரசியல் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே தன்னுள் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் விதி செய்தபோது தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன; அந்த விதி செல்லாது என்று 2009 டிசம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சுவிட்சர்லாந்தின் பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான சலவை அறை அடித்தளத்தில் இருக்கிறது. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்ற பட்டியல் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். முறை முடிந்தவர் இயந்திரத்தின் வடிகட்டியில் சேர்ந்த நூற்பிசிறை எடுத்து, ஈரத்தைத் துடைத்து, அறையைப் பெருக்கிவிட்டே அடுத்த வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். நெல்லைக் கால்வாய்ப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புரியாத ஏற்பாடு அன்று. தண்ணீர் குறைந்த நாளில் முறை வைத்துப் பாய்ச்சும்போது மேல்மடைக்காரரின் ஒழுங்கில்தான் கடைமடைக்காரரின் பயிர் இருக்கிறது.

குப்பையிலும் இதே நியாயம்தான். சூரிச் நகரில் 1993 முதல் நகராட்சியின் முத்திரையிட்ட பையில் மட்டுமே வீட்டுக் குப்பையைப் போடலாம்; அகற்றும் செலவு அந்தப் பையின் விலையிலேயே அடங்கியிருப்பதால், குறைவாகக் குப்பை சேர்ப்பவர் குறைவாகவே செலுத்துகிறார். கண்ணாடிப் புட்டிகளை நிறவாரியாகப் பிரித்துப் பொதுத் தொட்டியில் இடலாம்; ஆனால் உடையும் ஓசை அக்கம்பக்கத்தாரின் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால் இரவிலும் ஞாயிறன்றும் இடக்கூடாது.

ஆக, புதிதாக வருபவருக்குத் தொல்லையாகத் தோன்றும் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அதனால் பயன்பெறும் வேறொருவர் இருக்கிறார். இந்த உண்மை தமிழ்நாட்டுக்கும் பொருந்தும். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசு அனுமதித்தது; ஊழியர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுமுறை உண்டு என்றும் ஆணையிட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற சட்டமோ 2021-இல்தான் வந்தது. சுழற்சி விடுமுறை உடலுக்கு ஓய்வு தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையான ஞாயிற்றில் தாய் கடையில் நின்றால், அந்தக் குடும்பத்துக்குப் பொதுவான நாள் என்று ஒன்று இல்லாமல் போகிறது. வெளிநாட்டில் கடை அடைத்திருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள், உள்ளூரில் கடை திறந்திருப்பதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.