சுண்டுவிரல் உயரப் பனி

2014 ஜனவரி 28, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நண்பகல் வாக்கில் பனி கொட்டத் தொடங்கியது. அலுவலகங்களும் பள்ளிகளும் அரசுத் துறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தன. அரைமணி நேரப் பயணத்துக்குக் கிளம்பியவர்களில் பலர் நள்ளிரவிலும், சிலர் மறுநாளும்தான் வீட்டுப் படியேறினார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே படுத்துத் தூங்கினார்கள். பெரியவர்கள் காரைச் சாலையோரம் போட்டுவிட்டு நடந்துபோய், திறந்திருந்த கடைகளுக்குள் அலமாரிகளுக்கு நடுவே தலைசாய்த்தார்கள். நெடுஞ்சாலையில் நகராமல் நின்ற ஒரு காருக்குள் குழந்தையே பிறந்தது.

அன்று விமான நிலையத்தில் அளந்த பனி எவ்வளவு தெரியுமா? 2.6 அங்குலம். ஆறரை சென்டிமீட்டர், நம் சுண்டுவிரல் உயரம். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். பத்துப் பங்கு பனியை உருக்கினால் தோராயமாக ஒரு பங்கு தண்ணீர் கிடைக்கும். அந்தக் கணக்கில் அட்லாண்டாவை முடக்கிப் போட்டது ஆறேழு மில்லிமீட்டர் மழைக்குச் சமமான நீர். சென்னையில் அவ்வளவு மழைக்குக் குடை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிப்போம்.

தமிழில் மார்கழிப் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் விழுவதும் பனி. டயருக்கு அப்படியில்லை. அதற்குத் தூள் பனி வேறு, மிதிபட்டு இறுகிய பனி வேறு, உருகி மறுபடி உறைந்த ஐஸ் வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக் மிதித்தால் சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதற்கு 50 மீட்டர் தேவை. வழவழப்பான ஐஸில் கிட்டத்தட்ட 100 மீட்டர். அதாவது, முன்னால் போகிறவர் நின்றுவிட்டார் என்று தெரிந்து காலை அழுத்திய பிறகும் ஒரு கால்பந்து மைதான நீளத்துக்கு வண்டி வழுக்கிக்கொண்டே போகும்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? பளுவின் அழுத்தத்தால் உருகுகிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். கணக்குப் போட்டால் அது சரிவராது. உருகுநிலையைப் பூஜ்யத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி இறக்குவதற்கே நூறு மடங்குக்கு மேல் வளிமண்டல அழுத்தம் வேண்டும். காரின் டயர் கொடுப்பது இரண்டு, மூன்று மடங்குதான். 1850-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே வேறொன்றைச் சொன்னார். இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்துவைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருப்பதாலும், இரண்டுக்கும் நடுவே சிக்கியதும் அது உறைந்துவிடுவதாலும்தான் அப்படி ஆகிறது என்றார். கட்டிக்குள் இருக்கும் மூலக்கூற்றை நாலாபக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிடித்து வைத்திருக்கின்றன. மேல்தளத்தில் இருப்பதற்கு மேலே யாரும் இல்லை. அது பாதி கட்டிலும் பாதி விடுதலையிலும் அல்லாடுகிறது. சக்கரத்தின் உராய்வு வெப்பமும் சேர்ந்துகொண்டால் வழுக்கல் இன்னும் கூடும். எந்தக் காரணத்துக்கு எத்தனை பங்கு என்று இன்றும் இயற்பியலாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு பழைய பொருளுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

அட்லாண்டாவில் முதலில் விழுந்த பனி டயர்களுக்கு அடியில் நசுங்கி உருகியது. வண்டிகள் நின்றதும் அதே ஈரம் ஐஸாக உறைந்தது. மேட்டில் ஏற முடியாத சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, அந்த ஐஸைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தன.

இதற்கு மருந்து உப்பு. குல்ஃபிக்காரரின் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐஸில் உப்பைக் கலப்பதன் ரகசியம், உப்புநீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது என்பதுதான். அதனால் ஐஸ் உருகுகிறது, உருகத் தேவையான வெப்பத்தைக் குல்ஃபிக் குழலிலிருந்து இழுத்துக்கொள்கிறது, பால் உறைகிறது. குல்ஃபிக்காரருக்கு வேண்டியது அந்தக் குளிர், சாலைக்காரருக்கு வேண்டியது அந்த உருகல். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை சாதாரண உப்பே நன்றாக வேலை செய்யும். ஆனால் உப்பு லாரி அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! அன்று அட்லாண்டாவின் உப்பு லாரிகளும் அதே நெரிசலில்தான் மாட்டிக்கொண்டன.

ஆகவே பனியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையின் ஒரு தடத்தில், வானம் தெளிந்த நாளில்கூட, மணிக்குச் சுமார் 2,000 வண்டிகள்தான் போக முடியும். வழக்கமான மாலைக் கூட்டம் மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பரவி வடிகிறது. அன்று அது முழுவதும் ஒரே கொத்தாகச் சாலைக்கு வந்து இறங்கியது. அதுவும் சாலை வழுக்கத் தொடங்கிய அதே நேரத்தில்.

பனிக்குப் பழகிய ஊரும் இதில் தப்பவில்லை. 1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. பாஸ்டனில் விடியற்காலையிலேயே பனி வரும் என்றார்கள், வரவில்லை. வானிலைக்காரர்களைக் கேலி செய்துகொண்டே எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பிறகுதான் அது வந்தது. மறுநாள் இரவுக்குள் 27.1 அங்குலம், அதாவது அட்லாண்டாவைப் போல் பத்து மடங்கு. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று சேர்ந்து கிளம்பியவர்களின் 3,000-க்கும் மேற்பட்ட கார்களும் 500 லாரிகளும் 128-ஆம் எண் சாலையில் புதைந்தன. காருக்குள் குளிர்காய எஞ்சினை ஓடவிட்ட சிலருக்கு அதுவே எமனானது. புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆள் தூக்கம் என்று நினைத்தே போய்விடுவார். பனியில் மாட்டினால் முதலில் இறங்கிப்போய்ப் புகைக்குழாய் வாயைத் தோண்டிவிட வேண்டும் என்று பனிப்பிரதேச ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

அட்லாண்டாவுக்கு இரண்டே வாரத்தில் மறுதேர்வு வந்தது. பிப்ரவரி 12-ஆம் தேதி, முன்னதைவிடக் கடுமையான ஐஸ் மழை. மரக்கிளைகள் முறிந்து, மின்கம்பிகள் அறுந்து, பல வீடுகள் இருளில் மூழ்கின. ஆனால் இந்த முறை பள்ளிகளும் அலுவலகங்களும் முன்கூட்டியே விடுமுறை விட்டிருந்தன. இரண்டு வாரத்துக்கு முன் குழந்தை பிறந்த அந்த நெடுஞ்சாலை நட்டநடுப் பகலில் வெறிச்சோடிக் கிடந்தது. உப்பு லாரிகள் மட்டும் போய்வந்துகொண்டிருந்தன.