மோக்கென்: கடலில் வாழும் மீனவர்கள்

மியான்மரின் தென்கரையை ஒட்டி மெர்குயி தீவுக்கூட்டத்தில் சுமார் 800 தீவுகள் உள்ளன. அங்கும் தாய்லாந்தின் சுரின் தீவுகளிலும் வாழும் மீனவப் பழங்குடியினர் மோக்கென் மக்கள். ‘கபாங்’ எனும் மரப்படகே தலைமுறை தலைமுறையாக இவர்களுக்கு வீடாக இருந்தது. சமையலும் உறக்கமும் அதில்தான். மழைக்காலத்தில் மட்டும் கரையில் குடிசை போட்டுத் தங்கிவந்தார்கள். ஈட்டியால் மீன் குத்துவார்கள். மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் கடல் அட்டையும் எடுத்து, வணிகர்களிடம் கொடுத்து அரிசி வாங்குவார்கள். மோக்கென் சிறுவர்கள் நீருக்கடியில் கண்பாவையைச் சுருக்கித் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்ற ஆய்வு முடிவை 2003இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி தாக்குமுன், கடல் திடீரென உள்வாங்கியது. முன்னோர் சொன்ன பேரலைக் கதை நினைவுக்கு வர, சுரின் தீவு மோக்கென்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். குடிசைகளும் படகுகளும் அழிந்தன.

சுரின் தீவுகள் 1981இல் தேசியப் பூங்காவாயின. அங்கு மரம் வெட்டத் தடை இருப்பதால் புதுக் கபாங் கட்டுவது அரிதாகிவிட்டது. விற்பனைக்காகக் கடல் அட்டை எடுக்கவும் அனுமதியில்லை. பலருக்கு இன்னும் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. அதனால் மருத்துவம், படிப்பு, கரையில் நிலையான வேலை என எதுவும் எளிதில் கிடைப்பதில்லை.